பார்வையாளர் எண் பதினேழு

பொதுமக்களுக்கான கண்காட்சியில் பார்வையாளர் ஒருவர் பிழை சுட்டிக்காட்டினால், அதைக் குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதி வாங்க வேண்டும். கோப்பில் அவருடைய பெயரைக் குறிப்பிடாமல் வரிசை எண்ணை மட்டுமே குறிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்ப வேண்டும். இந்த விதி எனக்கு மனப்பாடம். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தபோது அதன் வரைவை எழுதியவனே நான்தான். அந்தக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்து நகல் இப்போது என் மேஜையில் கிடக்கிறது. பதினேழாம் வரிசையில் பெரிய பெரிய எழுத்தில் ஒரே வரி: "நாலாந்தட்டும் அஞ்சாந்தட்டும் மாறிக் கிடக்கு." பக்கத்தில் ஒரு விரல்ரேகை. அசலில் அது ஏலக்காய்ப் பச்சை. நகலில் கறுப்பு.

எழுதியவர் என் மதினி, சிலமலையில் இருக்கும் என் பெரியப்பா மகனின் மனைவி. தினமும் பஸ்ஸில் போடிக்கு வந்து, ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிப்பார். அந்த இடத்துக்கு வெளிச்சம் நேராக விழும் என்பதால், கண் தப்பாதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது அவருடையதாக இருந்தது.

எங்கள் தாவரவியல் பேராசிரியை போடிமெட்டுக்குக் கீழே ஒரே சரிவில் ஐந்து வருடத்துக் காய்களைச் சேகரித்து வைத்திருந்தார். மழையின் கதையைக் காய் சொல்லும் என்பது அவர் ஆய்வு. அதை மக்களிடம் கொண்டுபோக ஒரு சிற்பியோடு சேர்ந்தார். மலைச்சரிவின் வடிவில் ஐந்து மூங்கில் தட்டுகள் செய்து, தட்டுக்கு ஒரு வருடத்துக் காயைப் பரப்பி, "தொட்டுப் பாருங்கள்" என்று அட்டை வைத்தது சிற்பியின் யோசனை. நான்காம் வருடம் மழை பொய்த்தது, ஐந்தாம் வருடம் பெய்தது. மழை திரும்பியும் காய் தேறவில்லை என்பது பெரிய பலகையில் எழுதியிருந்த முடிவு. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். உள்ளூர்க்காரன் என்பதால் ஏற்பாடு என் தலையில் விழுந்தது. காய் கொடுத்து உதவியவர் மதினியின் ஸ்டோர் முதலாளி; அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவர் தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களையும் அழைத்து வந்திருந்தார்.

மதினி முதல் மூன்று தட்டுகளைத் தொட்டுப் பார்த்து நகர்ந்தார். நான்காவதில் கை நின்றது. ஐந்தாவதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் குலுக்கினார். பிறகு முந்தானையை விரித்துத் தரையில் உட்கார்ந்து, இரண்டு தட்டுக் காய்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொட்டத் தொடங்கிவிட்டார். காவலர் ஓடிவந்தார்.

"ஏம்மா, அதக் கொட்டாத!"

"தொடுன்னு அட்டை வச்சிருக்கீகளே அப்பு. தொட்டுத்தேன் பாத்தேன். தப்பாக் கெடக்கு." என்னைப் பார்த்ததும் குரல் ஏறியது. "என்ன கொழுந்தனாரே, இம்புட்டுப் படிச்சவுக கூடி, மழையில்லாத வருசத்துக் காய மழை வருசம்னு எழுதி வச்சிருக்கீக? ரெண்டு காயையும் நாந்தேன் பொறுக்குனேன். எனக்குத் தெரியாதா?"

சிற்பி அவர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். மதினி அவர் உள்ளங்கையில் நாலு காயை வைத்து மூடி, காதருகே குலுக்கச் சொன்னார். வெயில் தின்ற காய்க்குள் விதையரிசி ஒட்டாமல் ஆடும். சிற்பி குலுக்கிக்கொண்டே இருந்தார். பேராசிரியை வெளிறி நின்றார். முன்வரிசையில் முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன செய்வேன்? குறிப்பேட்டை நீட்டினேன்.

"எழுதிக் குடுங்க மதினி. முப்பது நாள்ல பதில் வரும்."

"முப்பது நாளா? அதுக்குள்ள நான் ஒரு லோடு காயப் பொறுக்கிப் போட்டுருவனே!"

அடுத்த ஊருக்குக் கண்காட்சி போனபோது தட்டுகளுக்குக் கண்ணாடி மூடி வந்திருந்தது. அட்டையை எடுத்துவிட்டார்கள். அது ஆவணி. ஐப்பசியில் நான் ஓய்வு பெற்றேன், மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு போடிக்கே திரும்பினேன்.

சித்திரையில் ஒரு விடியற்காலை, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஒன்றின் பின்பக்கத்தில் மதினியைப் பார்த்தேன். அறுபதை நெருங்கியவர், இரண்டு பெண்கள் கைகொடுக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்.

"ஸ்டோருக்குப் போகலையா மதினி?"

"அங்கிட்டு ஏது சோலி? யூனிவர்சிட்டிக்காரவுக மானத்த வாங்கிட்டேனாம். 'ஓம்மேல தப்பில்லன்னு அவுக லெட்டரு குடுக்கட்டும், அதுவரைக்கும் வீட்ல இரு ஆத்தா'ன்னுட்டாரு மொதலாளி. ஒங்க முப்பது நாளு இன்னும் முடியலையாக்கும்?"

ஜீப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்து வைத்தேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா சிபாரிசு லெட்டரு வாங்கித் தருவீக. எனக்கு எதுக்கு அது? நான் பொறுக்குனது சரின்னு தாள்ல வரணும். வெரசா வாங்கிக் குடுங்க, மூட்டு தாங்கல."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எந்தக் கடிதத்துக்கு எந்தப் பிரிவு, எத்தனை நாளில் நினைவூட்டல், யாருக்கு நகல் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதல் கடிதத்துக்கு மௌனம். முதல் நினைவூட்டலுக்குப் பிரிவு தவறு என்று பதில். இரண்டாவதற்கு, பேராசிரியை வெளிநாடு சென்றிருப்பதால் கோப்பு நிலுவையில் உள்ளது என்று பதில். அந்த வாசகத்தை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்! பெறுகிறவனாக அதைப் படிக்கக் கொஞ்சம் அசதியாக இருந்தது. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, குறிப்பேட்டுப் பக்கம், பதில் கடிதம், அலுவலகக் குறிப்பு மூன்றையும் கேட்டேன். பக்கத்தின் நகல் சீக்கிரம் வந்தது. மற்றவை வரவில்லை. மதினி ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். மேல்தாள் பேராசிரியையின் கடிதம். தட்டுகள் தன் ஆய்வகத்திலேயே இடம் மாறிவிட்டன, பார்வையாளர் எண் பதினேழு சொன்னதே சரி, மழை திரும்பியதும் காய் தேறியிருக்கிறது, பலகையைத் திருத்துகிறேன், நன்றி. கண்காட்சி முடிந்த பதினோராம் நாளே கையெழுத்திட்டிருக்கிறார். கீழ்த்தாள் அலுவலகக் குறிப்பு: "எந்த விதியின் கீழ் அனுப்பப்படுகிறது என்று குறிப்பிடப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." அதன் கீழே இருந்தது என் சுருக்கொப்பம்.

அந்தக் கோப்பைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. ஓய்வுக்கு முன் மேஜையைக் காலி செய்த நாட்களில் நூறு கோப்புகளில் அப்படி எழுதியிருப்பேன். அதில் பெயர் இல்லை, எண்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். பெயரை எடுக்கச் சொன்ன விதியும் என்னுடையதுதான்.

அன்று சாயங்காலமே சிலமலைக்குப் போனேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் இரண்டு தாளையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். கீழ்த்தாளின் அடியில் இருந்த சுருக்கொப்பத்தில் விரலை வைத்தார்.

"இது ஒங்க கோழிக்கிறுக்கல்தானே? கல்யாணப் பத்திரிகையில எல்லாம் பாத்திருக்கேன்."

"ஆமா மதினி."

அவர் என்னைத் திட்டவில்லை. ஜன்னலோரத்தில் செய்வதுபோலவே, மேல்தாளை வலப்பக்கம் தன் மடியில் போட்டுக்கொண்டார், கீழ்த்தாளை இடப்பக்கம் என்னிடம் தள்ளினார். "இது எனக்கு. அது ஒங்களுக்கு" என்றவர், "இருங்க, காப்பி போடுறேன்" என்று எழுந்தார். எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கடிதத்தோடு ஸ்டோருக்குப் போனார். முதலாளி வாசித்துவிட்டு வரச் சொல்லிவிட்டார். ஜன்னலோரத்தில் வேறொரு பெண் இருந்ததால் மதினிக்கு வாசல் பக்கம் இடம் கிடைத்தது. அங்கே வெளிச்சம் கொஞ்சம் குறைவு.

நகலில் விரல்ரேகைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாகவே இருக்கிறது. விதிப்படி அதைப் பூர்த்தி செய்ய வேண்டும். செய்கிறேன். பதில் வந்து சேர்ந்த நாள்: கண்காட்சி முடிந்து இரண்டாவதாக வந்த தை மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை.