கை கேட்காத கிரேன்

மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதுகில் சுமை ஏறிய பிறகு ‘ஒரு கை குடுப்பா’ என்று வாய் திறந்தவன், அன்றைக்கு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். மிச்சம் மீதி வேலை இருந்தால் அவனுக்கு, இல்லையென்றால் வீடு. சின்னவளின் அப்பா கடைசிக்குப் போனதே இல்லை. அதனால்தான் அவருக்குக் ‘கிரேன்’ என்று பெயர் விழுந்தது.

இப்போது அந்தக் கிரேனைத் தூக்குவது சின்னவள்தான். முட்டி தேய்ந்து, தொடைச்சதை வற்றிப்போய், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்கே அவருடைய அக்குளில் அவள் தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. தூக்கித் தூக்கி அவளுக்கே இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணன் போனில் மட்டும் பாசக்காரன். “அப்பா குரல் கணீர்னு இருக்கே, உனக்கென்ன கஷ்டம்?” என்பான்.

ரெடிமேட் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். லீவு மேல் லீவு. திங்கட்கிழமை வராவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இருந்தது ஒரே வழி. தானாக எழ முடியாத முதியவர்களுக்குப் பகலில் உதவியாளர் அனுப்பும் அலுவலகம் ஒன்று உண்டு. அங்கிருந்து இன்று நர்ஸ் வந்து பார்க்கப்போகிறார்.

“அப்பா, நர்ஸம்மா எந்திரிங்கன்னு சொன்னா முடியலைன்னு சொல்லணும். சரியா?”

“முடியாததை முடியலைன்னு சொல்றதுக்கு ஒத்திகை வேறயாடி?”

“வாய் சொல்லிடும்ப்பா. உங்க வீம்புதான் பேச்சு கேக்காது.”

நர்ஸ் நல்ல மாதிரிதான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்களை யாருங்க ஐயா தூக்கி விடறது?”

கிரேன் சுவரைப் பார்த்தார். “நான்தாம்மா,” என்றாள் சின்னவள்.

“சரி, எங்க, எந்திரிங்க பாப்போம். நான் வேணா ஒரு கை குடுக்கட்டுமா?”

கெட்டது குடி. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே நாற்காலியின் கைகளைப் பிடித்தார் அவர். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். நின்றதோடு விட்டாரா? சுவரைத் தடவிக்கொண்டு வாசல் நிலைவரை நடந்தார்.

“தினமும் இப்படித்தான் நடப்பீங்களா?”

“பின்னே? இவ ஒரு பயந்தாங்கொள்ளி. கூப்பிடாமலே ஓடி வருவா.”

“பொய்யிம்மா! காலையில பாத்ரூமுக்கே நான்தான்...”

“நான் பாத்ததைத்தானேக்கா எழுத முடியும்? புரண்டு படுக்கவே முடியாதவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க. அடுத்த வருஷம் மறுபடி சொல்லி வைங்க.”

நர்ஸின் வண்டி தெருமுனை திரும்பும்வரை கிரேன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாத்தியா?” என்றார். அப்புறம் முட்டி மடங்கி, நிலையோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்து, ஈரம் தரையில் பரவியது.

சின்னவள் ஓடவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து, அவளும் உட்கார்ந்தாள்.

“மீசையில மண்ணு ஒட்டலைன்னு சொல்லுங்க.”

அவர் நனைந்த வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார்.

“கை குடுன்னு ஒரே ஒரு தடவை கேளுங்கப்பா. கேட்டா வர்றேன்.”

கிரேன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஈரம் அவள் கால்விரலைத் தொட்டது.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“இல்ல சார், வரமாட்டேன். மெஷினை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

போனை வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய அக்குளில் தோளைக் கொடுத்தாள். இடுப்பில் ‘சுளீர்’ என்றது. கிரேன் எழுந்தார், கை கேட்காமலே.