நாலா பக்கமிருந்தும் உள்ளே போன காற்று

தீயணைப்பு வண்டி ஓட்டுநரை எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் புயல்; தரையில் இறங்கினாலோ தெருமுனைக் கடைக்குப் போய்வரவே பொழுது சாய்ந்துவிடும். அவருடைய அக்கா புருஷன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். எங்கே தீ என்றாலும் மச்சான் முதலில் இறங்கிக் கைக்குட்டையை உயர்த்திப் பிடிப்பார். அது நெருப்பைப் பார்த்துப் பறந்தால் புகை வராத பக்கம் என்று கணக்கு. அங்கே நிறுத்தச் சொல்வார், நத்தை நிறுத்துவார்.

பெயிண்ட் ஆலையில் டாங்க் வெடித்த அன்றும் அப்படித்தான். வானத்தில் குடை விரித்த மேகத்தைப் பார்த்து, அணுகுண்டு என்று ஊரே அலறியடித்து ஓடியது. இவர்கள் அதை நோக்கிப் போனார்கள். கைக்குட்டை நெருப்பைப் பார்த்துப் பறந்தது, வண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் தீ தணிய, கரும்புகை அவர்கள் மேலேயே கவிழ்ந்தது. எல்லோருக்கும் முன்னால் குழாயைப் பிடித்து நின்ற மச்சான் திரும்பி வரவில்லை.

வண்டியை நிறுத்த இடம் பார்த்தது நான்தான் என்று நத்தை அக்காவிடம் சொல்லிவிட்டார். செத்தவர் மேல் பழி விழக் கூடாதே என்ற நினைப்பு. அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மச்சானை எமன் வாசலில் இறக்கிவிட்டவன் என்றார்கள். அதையும் முழுங்கிக்கொண்டார், பாவி மனுஷன்.

விசாரணைக்கு வந்த அதிகாரிதான் விஷயத்தை உடைத்தார். சூடான வாயு லேசானது, பந்தாகத் திரண்டு ஏறும். நடுப்பகுதி வேகமாகப் போகும். ஓரத்தைக் குளிர்ந்த காற்று பிடித்திழுப்பதால் அது வெளியே புரண்டு, சுருண்டு, மறுபடி உள்ளே போகும். சுற்றியிருக்கும் காற்றின் கனமும் அதன் கனமும் ஒன்றாகும் உயரத்தில் மேலே போக வழியில்லாமல் பரந்துவிடும். அதுதான் குடை. அணுகுண்டே வேண்டாம், பெரிய வெடிப்பு எதற்கும் இதே உருவம்தான். பந்து ஏறிய வழியில் கீழிருக்கும் காற்றும் தூசியும் உறிஞ்சப்பட்டுக் காம்பாகும். தீ எரிகிற வரைக்கும் அந்தக் காம்புக்குத் தீனியாக நாலா பக்கமிருந்தும் காற்று நெருப்புக்குள் ஓடும். அன்று எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் கைக்குட்டை பத்திரம் என்றே காட்டியிருக்கும். தீ தணிந்து உறிஞ்சல் நின்றதும் அசல் காற்று தன் போக்கில் வீசி, புகையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

அன்றைக்கு மட்டும் நத்தை ஓடினார். அக்கா வீட்டு வாசலில் நின்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். யார் மேலயும் தப்பில்லக்கா என்று முடித்தார்.

அக்கா கதவை முழுசாகத் திறந்தாள். "நீ வண்டி ஓட்டுறவன்டா. இடம் பாக்கிறது அவரு வேலை. அது எனக்குத் தெரியாதா?"

பிறகு ஏன் இத்தனை நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று நத்தை மெல்லக் கேட்டார்.

"செத்துப் போனவர்கிட்ட எப்படிடா கோச்சுக்கிறது? நீதான் உசுரோட இருந்த."