பென்ஷனுக்குத் தொழில் வரி

"உன் மாமு சௌக்கத் அலி, வரி வசூல் பண்ண வந்தவன் மண்டையப் பொளந்துட்டாராம்பா. ஆளு பூட்டானாம்" என்றான் கமால். அவன் எதையும் பார்த்தவனில்லை. மதராஸிலிருந்து வந்த கப்பலின் சமையல்காரன் சொன்னதை, பினாங்கில் என் கடை வாசலில் நின்று சொன்னான். முதலில் கோடாலி என்றான். பிறகு அரிவாள் என்றான்.

இரண்டுமில்லை என்பது மாமி ரஹீமுன்னிசாவின் கடிதம் வந்தபிறகு தெரிந்தது.

மாமா சுங்க இலாகா லாஞ்சில் முப்பத்தோரு வருஷம் சாரங்கு. படகும் ஆறு ஆட்களும் அவர் பொறுப்பு. அவருக்கு வாயைவிடக் கை முந்தும். கயிற்றைச் சரியாகக் கட்டாதவனை அதே கயிற்றால் விளாசுவார். ஒரு புயல் நாளில், வடம் முறுகி நின்றபோது, தளர்த்தச் சொல்லாமல் "இழுடா" என்று கத்தினார். வடம் அறுந்து, அந்த ஆறு பேரில் ஒருவரான அப்துல் வஹாபின் மார்பில் அடித்தது. விலா எலும்புகள் உள்ளே குத்தி, மாமாவின் மடியிலேயே ரத்தம் கக்கிச் செத்தார் வஹாப். வடம் தானாக அறுந்தது என்றே மாமா எல்லோரிடமும் சொன்னார்.

வஹாபின் மனைவி காத்தூன் பீவிக்குப் பென்ஷன் வந்தது. அவர் ஆபீஸில் போய் நிற்கக் கூடாது என்பது மாமாவின் பிடிவாதம். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். தாமும் ஓய்வு பெற்றபின், தம் நாற்பத்தெட்டு ரூபாயோடு அந்த இருபத்திரண்டையும் தாமே கையெழுத்திட்டு வாங்கி, அன்றைக்கே கொருக்குப்பேட்டையில் காத்தூன் பீவியின் வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிடுவார்.

வரி ஆபீஸில் யாரோ இரண்டையும் கூட்டி மாமாவின் பெயரில் எழுதி, தொழில் வரி போட்டுவிட்டார்கள். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்குமே வரி கிடையாது.

"வேலைய வுட்டு நாலு வருசமாவுது. இன்னா தொழிலுக்குய்யா தொழில் வரி?" என்று அந்த ஆபீஸுக்கே போய்க் கேட்டார் மாமா.

"மாசாமாசம் போயி பென்ஷன் வாங்கறீயே பெரியவரே, அத்த வுட பெரிய தொழிலு இன்னா கீது?" என்று குமாஸ்தா சிரித்தான்.

"அதுல இருபத்திரண்டு ரூபா என்னுதில்லப்பா."

"அப்போ அந்தம்மாவ இட்டாந்து சொல்லச் சொல்லு. புருசன் யாரு, எப்டி செத்தான், எல்லாம் எழுதிக்குவோம்."

மாமா ஜன்னல் கண்ணாடியை ஓங்கிக் குத்தினார். கையில் ஒன்பது தையல். காத்தூன் பீவி கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்றார். வரியைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. வரியைக் கட்டவுமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வசூல்காரர் ஜெயவேல் இரண்டு சேவகர்களோடும் ஜப்தி உத்தரவோடும் மாமாவின் கல்மண்டபத்து வீட்டுக்கு வந்தார். மாமியின் தையல் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள்.

"அத்த வுடுய்யா. எம் பொண்டாட்டி மிஷினு."

"எந்தப் பொண்டாட்டி நைனா? ரெண்டு வூட்டுப் பென்ஷனும் ஒரே மடியில வுழுதே. கொருக்குப்பேட்டையாளுதா?" என்றார் ஜெயவேல்.

தெரு சிரித்தது. கதவு மூலையில் வடம் பின்னும் இரும்பு முள் ஒன்று கிடந்தது, முழ நீளத்தில். மாமா அதை எடுத்தார். முதல் அடியில் ஜெயவேலின் தாடை விலகியது. இரண்டாவதில் தோள் எலும்பு. மூன்றாவது விழும்போது அவர் தரையில் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்து மிஷின் மிதிக்கட்டைக்கு அடியில் தேங்கியது. சேவகன் ஒருவன் மிஷினின் மரமூடியால் மாமாவின் முகத்தில் ஓங்கி அடித்தான். மிச்சத்தைப் போலீஸ் செய்தது. உள்ளங்காலில் லத்தியால் அடித்ததில், லாக்கப்பில் மாமியைப் பார்க்கச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாராம்.

காத்தூன் பீவியும் மாமியோடு போயிருக்கிறார்.

"தெனம் காலீல கூட்ஸ் யார்டு வாசல்ல நூறு ஆம்பளைக்கு ஆப்பம் விக்கிறவ நானு. அந்த ஆபீசுல வந்து நிக்க மாட்டேன்னு எப்பனா சொன்னேனா அண்ணாத்தே? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அங்க உன்னிய கேப்பாங்கம்மா, வஹாபு எப்டி செத்தான்னு. நாந்தான் இழுக்கச் சொன்னேன்."

மறுநாள் காத்தூன் பீவி தனியாகவே வரி ஆபீஸுக்குப் போய், இருபத்திரண்டு ரூபாய் தன்னுடையது என்று பெருவிரல் ரேகை வைத்தார். வரி ரத்தானது. அதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை என்று மாமி எழுதியிருந்தார்.

ஜெயவேல் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தால் மாமாவுக்கு ஜெயில், இல்லையென்றால் தூக்கு. எதுவானாலும் பென்ஷன் நின்றுபோகும் என்றாராம் வக்கீல். கடிதம் என் கைக்கு வந்தபோது, அதை எழுதியே பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கமால் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடவில்லை. "ஆளு பூட்டானாம்" என்றானே, ஜெயவேல் இருக்கிறாரா செத்தாரா என்பது மட்டும் தெரியாமல் பாக்கி இருந்தது. மாமிக்குத் தந்தி அடித்தேன்: வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்மண்டபம் அரிசி மண்டியில் டெலிபோன் பக்கத்தில் நிற்கவும். டிரங்க் கால் பதிவு செய்தேன். நான்கு மணி நேரம் காத்திருந்தபின் லைன் கிடைத்தது.

"மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை. துண்டித்துவிடவா?" என்றாள் ஆபரேட்டர்.

"வேண்டாம், அடிக்கட்டும்" என்றேன்.

இரைச்சலுக்கு நடுவே மணி அடித்துக்கொண்டிருந்தது.