சோனகத் தெருவில் ஒரு வீடு, வயாவிளானில் ஒரு வேலி

சனிக்கிழமை விடியற்காலை புத்தளத்தில் பேருந்து ஏறினேன். அநுராதபுரத்தில் மாறி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. கிட்டத்தட்ட இருநூற்றெழுபது கிலோமீற்றர். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் இதே தூரத்தை மறுதிசையில் லொறியிலும் நடையிலுமாகக் கடந்தோம். எனக்கு அப்போது பதினாறு வயது. தமிழ்ப் போராளி இயக்கத்தின் வாகனம் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாக வந்து, முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றது. உம்மாவின் தோட்டைச் சந்தியில் வைத்துக் கழற்றி வாங்கினார்கள். வாப்பாவின் சாரத்து மடிப்புக்குள் வீட்டு உறுதிப் பத்திரம் மட்டும் தப்பியது.

இம்முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் றிஸ்னாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஆசிரியை நியமனம் கிடைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். எங்கள் வீட்டிலோ வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களை எழும்பச் சொல்ல வேண்டும்.

எங்கள் சோனகத் தெருவில் பாதி வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை. சுவர்களைப் பிளந்துகொண்டு ஆல் வளர்ந்திருக்கிறது. பள்ளிவாசலுக்குப் புது வர்ணம் பூசியிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசல் நிலையில் வாப்பா குர்ஆன் வாசகம் மாட்டியிருந்த ஆணியில் முருகன் படம் தொங்கியது. கதவைத் திறந்தவர் எழுபதை நெருங்கிய ஒரு மெலிந்த பெண். பெயர் பரமேசுவரி என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"வாங்கோ தம்பி. உங்கடை வீடுதானே, ஏன் வாசல்லை நிக்கிறியள்?"

அந்த வார்த்தைக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. சண்டைக்குத்தான் ஆயத்தமாகப் போயிருந்தேன்.

தேநீர் தந்துவிட்டு அவரே தொடங்கினார். "நாங்கள் வயாவிளான். தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை செல்லடி துவங்க, உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டனாங்கள். நாலைஞ்சு மாசம் பள்ளிக்கூடத்திலை படுத்தம். நீங்கள் போனாப்பிறகு இயக்கம்தான் உந்த வீட்டுத் திறப்பைத் தந்தது."

"நாங்கள் திறப்பை ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லையே."

"ஓம். உங்கடை பூட்டை உடைச்சுப்போட்டு வேறை பூட்டுப் போட்டுத் தந்தவை."

"சாமான்கள்?"

"நாங்கள் வரேக்கை ஒண்டுமில்லை. எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போய்க் கடை போட்டு வித்தவை. சனம் வாங்கினது. என்ரை மனிசனும் ஒரு கதிரை வாங்கினவர்."

"ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"பயம் எண்டு சொல்லலாம். பயமும் இருந்தது. ஆனா எனக்குப் படுக்க ஒரு இடம் கிடைச்சிட்டுது, தம்பி. அதுதான் உண்மை."

அவருடைய மகன் செந்தூரன் ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முப்பது கடந்தவர். செல்லடிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் தாய் தன்னை இந்த வீட்டிலேயே பெற்றதாகச் சொல்லி, இடப்பக்க அறையைக் காட்டினார். என் தங்கை பிறந்ததும் அதே அறையில்தான். அதை நான் சொல்லவில்லை.

"மகளுக்கு இந்த வீடு வேணும் அக்கா" என்றேன்.

"நாளைக்குக் காலமை ஒருக்கா என்னோடை வாங்கோ. ஒரு இடத்தைக் காட்டிப்போட்டுக் கதைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூரனின் ஓட்டோவில் மூவரும் பலாலி வீதியால் போனோம். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய். அதற்கப்பால் மண் சிவக்கத் தொடங்குகிறது. வழியில் செந்தூரன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இந்தச் சண்டை என்னத்துக்குத் துவங்கினதெண்டு எனக்கு இண்டைக்கும் ஒழுங்காத் தெரியாது அண்ணை."

பதில் தாயிடமிருந்து வந்தது. "உன்ரை அம்மப்பா கொழும்பிலை கந்தோர் கிளாக்கர். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருசம் ஆகேல்லை, சிங்களம்தான் அரச மொழி எண்டாங்கள். சிங்களச் சோதினை பாஸ் பண்ணாட்டிச் சம்பளம் கூட்டமாட்டம் எண்டாங்கள். அவர் வேலையை விட்டிட்டு வந்து வெங்காயம் வைச்சார். அந்தக் காணியைத்தான் இப்ப பாக்கப் போறம்."

வயாவிளானில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை முள்ளுக்கம்பி வேலியில் முடிந்தது. வேலிக்கு உள்ளே இராணுவ முகாம். வாழைகள் வரிசையாக, நன்றாகப் பராமரிக்கப்பட்டு நின்றன. பரமேசுவரியக்கா கம்பிக்குள் விரலை விட்டுக் காட்டினார். "உந்தப் பனைக்கு உங்காலை கிணறு. வீட்டை இடிச்சுப்போட்டாங்கள். கிணறு இருக்கு."

உள்ளே விளைவது வீதியோரக் கடைக்கு விற்பனைக்கு வருமாம். ஒருமுறை அக்கா கத்தரிக்காய் வாங்கிப் போனாராம். சமைக்க மனம் வராமல் மாட்டுக்குப் போட்டாராம்.

இருபது வயது மதிக்கத்தக்க ஒரு சிப்பாய் வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னான். அக்காவும் மகனும் என்னைப் பார்த்தார்கள். புத்தளத்தில் கடை வைத்திருப்பவன், எனக்குச் சிங்களம் தெரியும். "படம் எடுக்க வேண்டாமாம். கனநேரம் நிக்க வேண்டாமாம்" என்று தமிழில் சொன்னேன்.

அவன் போன பிறகு அக்கா கேட்டார். "உந்தக் காணியை ஆமி விட்டால் நாங்கள் அடுத்த நாளே எழும்பிடுவம். விடாட்டி எங்கை போறது? நீங்களே சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. "எங்களை எழுப்பேக்கை எங்கை போவியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா."

"ஓம். அது பெரிய பிழை. ஆனா நான் செய்யேல்லையே."

"உங்கடை காணியைப் பிடிச்சதும் என்ரை மகள் இல்லை."

திரும்பி ஓட்டோவில் ஏறினோம். உரும்பிராய்ச் சந்தியில் செந்தூரன் பெற்றோல் அடித்தபோது மூவரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வீட்டுக்காக நாங்கள் இருவரும் இப்படி முகம் கறுக்க வேண்டும் என்று எவரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதைச் செய்தவர்கள் எவரும் கணக்குக் கொடுக்க வரப்போவதில்லை. வேலி போட்டவர்கள் உள்ளே வாழை நட்டிருக்கிறார்கள். பூட்டு உடைத்தவர்கள் செத்துப்போனார்கள். கணக்குத் தீர்க்க மிஞ்சியது நானும் இந்தப் பெண்ணும்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட்டேன். உள்ளே போய் இருந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது. "சித்திரை வருசப் பிறப்பு முடியட்டும் அக்கா. அதுக்குப் பிறகு விட்டுத் தாங்கோ."

செந்தூரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓம் தம்பி" என்றார். பிறகு, "மகளுக்குப் பிள்ளையள் எத்தினை?" என்று கேட்டார்.

"ரெண்டு. சின்னனுகள்."

"பின்னுக்குக் கிணத்துக் கட்டு ஒரு பக்கம் இடிஞ்சு கிடக்கு. வர முதல் அதைக் கட்டிப்போடச் சொல்லுங்கோ."

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆனையிறவு உப்பளத்தைப் பேருந்து கடக்கும்போது றிஸ்னா அழைத்தாள். "சம்மதிச்சிட்டாங்களா வாப்பா?" ஓம் என்றேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

புத்தளத்துக்கு நாங்கள் வந்த முதல் வாரம் அந்த ஊர்ச் சனம் சோறு சமைத்துக் கொண்டுவந்து தந்தது. இரண்டாம் வருடம் குழாயடியில் எங்களுக்கென்று தனி வரிசை வந்தது. முப்பத்தைந்து வருடமாகியும் பின்னால் பேசும்போது எங்களுக்கு ‘அகதி’ என்றுதான் பெயர். அது எப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தெரியும். பரமேசுவரியக்காவும் மகனும் எந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சொல் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும். முதல் முறை அந்தக் குடும்பத்தை எழுப்பியது சண்டை. இரண்டாம் முறை நான்.