குழியில நின்னு காரு பார்த்த இருதயராஜ்

இருதயராஜ் அண்ணனோட உசரத்த மொதல்ல சொல்லிட்றேன், இல்லன்னா மத்தத நம்ப மாட்டீங்க. அவரு காருக்கு அடியில மல்லாக்கப் படுத்தாருன்னா தல ஆம்பூர்ல இருக்கும், காலு வாணியம்பாடியில இருக்கும். நடுவுல கீற ஊரு ஜனமெல்லாம் அவரு வயித்தச் சுத்திகினுதான் சந்தைக்குப் போவணும்.

முனீர் அகமது சாயபோட தோல் பதம் பண்ற ஷாப்புல அவரு பிட்டரு, நான் டிரைவரு. சாயபுகிட்ட ஒரு காரு, ஒரு லாரி. நான் ஓட்டிக் கெடுப்பேன், அவரு பிரிச்சு சரி பண்ணுவாரு. இப்டியே ரெண்டு பேரு வயிறும் ரொம்பிகினு இருந்திச்சு.

அவருக்கு ஊரு ஜோலார்பேட்டை. ரயில் ஷெட்டுல இன்ஜின் தொடைக்க ஆரம்பிச்சு, பிட்டராயி, அப்புறம் இங்க தோல் ஷாப்புல ஆயில் இன்ஜின் பார்க்க வந்தாரு. சாயபு மொதல் காரு வாங்கினப்போ இவரு அதுக்கு முன்னாடி காரைத் தொட்டதே இல்ல. "அதுவும் இன்ஜின், இதுவும் இன்ஜின். இதுக்கு சக்கரம் ஜாஸ்தி, அவ்ளோதான்" அப்டின்னு மொத்தத்தையும் பிரிச்சுக் கோணி மேல பரப்பிட்டாரு. சாயபு மூணு நாளு சோறு தின்னல. நாலாம் நாளு காரு முன்னவிட நல்லா ஓடிச்சு. அஞ்சு நட்டு மிச்சம் வேற.

அதெல்லாம் முப்பது வருசக் கதை மாதிரி தோணுது, ஆனா நான் சொல்ற சங்கதி நடக்கறப்போ பன்னண்டு வருசம்தான் ஆயிருந்துச்சு. அது முப்பத்தி நாலாம் வருசம். அண்ணனுக்கு அப்ப அம்பத்தெட்டு. இடுப்பு போயிடுச்சு. காலையில கட்டில்ல இருந்து எழுந்திருக்கறதுக்கு அவரு எடுத்துக்கற நேரத்துல நான் வேலூர் போய் டீ குடிச்சுட்டு வந்துடுவேன். அவரு சம்சாரம் அன்னம்மா வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சுத் தேய்ச்சு, தெருவுல அவரு நடந்து போனா கொசு எல்லாம் அடுத்த ஊருக்குப் போயிடும்.

"குனியாதய்யா, படுக்காதய்யான்னா கேக்கறியா நீ?"ன்னு அது கத்தும்.

"காரு இன்னா கிளைல தொங்குற மாங்காயா, நின்னுகினே பறிக்க?"ன்னு இவரு திருப்பிக் கேப்பாரு.

ஒரு நாளு காருக்கு அடியில படுத்தவரு வெளிய வரல. ஒரு மணி நேரம் ஆச்சு. தூங்கறாருன்னு நினைச்சு நான் ஒரு பீடி குடிச்சேன், இன்னொரு பீடி குடிச்சேன். அப்புறம் அடியில இருந்து மெதுவா ஒரு கொரலு: "டேய் சுந்தரம், கால் ரெண்டையும் பிடிச்சு இழுடா. பிடிச்சுக்கிச்சு." நான் இழுக்கறப்ப பின்னால சாயபு நிக்கறாரு.

சாயபு நல்ல மனுசன். கோவப்படல. அதான் பேஜாரு, கோவப்பட்டிருந்தா அண்ணன் பதிலுக்கு எகிறியிருப்பாரு. "இருதயராஜ், போதும்பா. மெட்ராஸ்ல ஒரு பையன் கீறான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லி எழுதறேன். நீ கேட்டுல காவலுக்கு உக்காரு. நாற்காலி போட்டுத் தர்றேன்."

"கியர் பொட்டி சத்தம் போடுதே சாயபு, அத யாரு பாக்கறது?"

"அவன் வந்து பாக்கட்டும்."

"இன்னைக்குத் திங்கள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நானே எறக்கி ஏத்திட்டா?"

சாயபு தாடியத் தடவிகினே என்னைப் பார்த்தாரு, இழுத்த காலைப் பார்த்தாரு. "உன்னை யாரும் காலைப் பிடிச்சு இழுக்காம முடிச்சா, பேசலாம்"னு சொல்லிட்டுத் தொழுகைக்குப் போய்ட்டாரு.

அந்தக் கியர் பொட்டி கனம் உங்களுக்குத் தெரியாது. கன்னுக்குட்டி கனம். மல்லாக்கப் படுத்து, நெஞ்சு மேல அத வாங்கி, அப்டியே நவுந்து வரணும். வாலிபனுக்கே மூச்சு முட்டும்.

கேட்டுல நாற்காலி போட்டு உக்கார்றத நினைச்சு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலன்னு பின்னால எங்கிட்ட சொன்னாரு. "உக்காந்தா செத்துடுவேன்டா. கைக்கு ஸ்பானர் வேணும்."

செவ்வாக்கிழமை ஒரு பலகைக்கு அடியில, பக்கத்து வீட்டுக் கொழந்தையோட நடவண்டிச் சக்கரத்தக் கழட்டி மாட்டிகினு வந்தாரு. படுத்துகினே உருளலாம், இடுப்ப நெளிக்க வேணாம், நல்ல யோசனைதான். ஆனா எங்க ஷாப்பு முத்தம் தண்ணி ஓடறதுக்காகச் சரிவாக் கட்டினது. படுத்தாரு, நான் லேசாத் தள்ளினேன். காருக்கு இந்தப் பக்கம் போனவரு அந்தப் பக்கம் வந்து, கப்பலு மாதிரி நேரா, தோலுக்குப் போடற ஆவாரம்பட்டைக் குவியலுக்குள்ள பூந்துட்டாரு. பட்டை இடிக்கற கண்ணம்மா ஒலக்கையைப் போட்டுட்டு, "யோவ், பிரேக்கு வெக்க மறந்துட்டியா?"ன்னு கேட்டுச்சு.

தலையில பட்டைத் தூளோட அவரு உக்காந்த எடத்துக்கு எதிர்ல சுண்ணாம்புக் குழிங்க வரிசையாக் கீது. தோலை ஊறப் போட்டு மயிரு எடுக்கற குழி. ஆளுங்க உள்ள எறங்கி நிமுந்து நின்னு தோலைத் தூக்கி மேல போட்டுகினு இருக்காங்க. ஓரத்துல கடைசிக் குழி வெடிச்சுப் போயி ரெண்டு வருசமாக் காஞ்சு கெடக்குது. அண்ணன் அதையே பார்த்தாரு. எழுந்து போயி எட்டிப் பார்த்தாரு. முழம் போட்டு அளந்தாரு. அப்புறம் காரு சக்கரத்துக்கு நடுவுல அளந்தாரு.

"சுந்தரம், காரைத் தூக்கத்தான நம்மளால முடியல?"

"ஆமா."

"என்னை எறக்கலாமில்ல?"

குழிய விட சக்கரம் ரெண்டு பக்கமும் நாலு நாலு விரலு அகலம் ஜாஸ்தி. அந்த நாலு விரலு மேல காரை ஓட்டிகினு போயி நிறுத்தணும், நான். ஓரத்துல கெட்டிப் பலகை போட்டு, அண்ணன் எதிர்ல நின்னு கைகாட்ட, எறும்பு ஊர்ற மாதிரி ஓட்டினேன். அன்னிக்கு வேர்த்த வேர்வைல காவேரிப்பாக்கம் ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சிருக்கும். நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் குடுத்தோம். அண்ணன் ஏணி வெச்சுக் குழியில எறங்கி நின்னாரு. கழுத்து வரைக்கும் குழி, மூஞ்சிக்கு நேரா கியர் பொட்டி. மனுசன் நிமுந்து நின்னு வேலை பாக்கறத ஒரு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் பார்க்கறேன்.

புதன்கிழமை முழுக்க சுத்தி இருக்கறதக் கழட்டினாரு. வியாழக்கிழமை காலையில பொட்டியை எறக்கணும். அதுக்கும் யோசனை வெச்சிருந்தாரு. காரு உள்ள கால் வெக்கற பலகையைக் கழட்டிட்டு, கதவு மேல குறுக்க ஒரு மூங்கில் போட்டு, அதுல கயிறு கட்டி, ஒரு எருமைத் தோலைத் தூளி மாதிரி பொட்டிக்கு அடியில தொங்க விட்டோம். மேல உக்காந்து கயித்துல குச்சி சொருகி நான் முறுக்கினா தூளி ஏறும், முறுக்கு விட்டா எறங்கும். இடுப்புக்கு வேலையே இல்ல.

கடைசி போல்ட்டு கழண்டுச்சு. பொட்டி தூளியில உக்காந்துச்சு. அண்ணன் "ஆஹா"ன்னாரு. அடுத்த நிமிசம் "டேய், டேய், முறுக்குடா"ன்னாரு. நான் முறுக்கினேன். நான் ஒரு விரலு ஏத்தினா தோலு ரெண்டு விரலு நீளுது. அல்வா மாதிரி நீண்டுகினே போவுது. பொட்டி மூஞ்சியத் தாண்டி, தோளத் தாண்டி, நெஞ்சுல வந்து சாஞ்சுச்சு. அண்ணன் அத ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுகினு நிக்கறாரு. விட்டா பொட்டி கீழ விழுந்து ஒடையும். நான் குச்சிய விட்டா மொத்தமும் அவரு கால் மேல.

அந்த நேரம் பார்த்துதான் சாயபு வரணுமா?

"எங்க இருதயராஜ்?"

"அடியில கீறாரு சாயபு."

"காலையே காணோமே?"

பூமிக்குள்ள இருந்து கொரலு வந்துச்சு: "சலாம் சாயபு." சாயபு மூணு அடி பின்னால போய்ட்டாரு. அப்புறம் குனிஞ்சு பார்த்தாரு.

"இன்னாப்பா, நின்னுகினு கீற?"

"ஆமா சாயபு. மூணு நாளா."

"கையில இன்னா?"

"கியர் பொட்டி."

"கீழ வெக்கறதுதான?"

"வெக்கலாம் சாயபு, கொஞ்சம் ஆசையாக் கீது, அதான் வெச்சுகினு நிக்கறேன்."

நான் சிரிச்சா குச்சி விட்டுப் போயிடும், உதட்டக் கடிச்சுகினு உக்காந்திருந்தேன். சாயபுக்குப் பின்னாலயே தோலு சீவற அதாவுல்லா பாய் வந்து எட்டிப் பார்த்தாரு. அண்ணனுக்கு தோஸ்து, அவரு வயசுதான். பார்த்ததும் தலையில அடிச்சுகினாரு.

"அடப்பாவி, எந்தத் தோலுடா எடுத்த? குழியில இருந்து எடுத்த ஈரத் தோலா? பதினஞ்சு வருசமா தோல் ஷாப்புல கீற, ஈரத் தோலு நீளும்னு தெரியாது?"

"நான் இன்ஜின் பக்கம்தான்டா கீறேன். மோந்து பார்த்ததோட சரி."

"நாத்தம் மட்டும்தான் கத்துகினியா நீ?" திட்டிகினே ஓடிப் போயி ஒரு காலிப் பொட்டியைக் குழியில எறக்கி, கியர் பொட்டிக்கு முட்டுக் குடுத்தாரு. அப்புறம் பதம் பண்ணிக் காஞ்ச, மூணு பேரு இழுத்தாலும் அசையாத பெல்ட்டுத் தோலு ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தாரு.

சாயபு வேலைக்குப் போவல. கேட்டுல போடறதுக்குன்னு வாங்கியிருந்த நாற்காலிய எடுத்தாரச் சொல்லி, அவரே நிழல்ல உக்காந்து பார்த்துகினு இருந்தாரு. அண்ணன் கியர் பொட்டியைப் பிரிச்சு, தேய்ஞ்சு போன பல்சக்கரம் ஒண்ண மாத்தி, சாயங்காலம் அந்தக் காஞ்ச தோலு தூளியில ஏத்தினாரு. நான் மேல குச்சி முறுக்கறேன். தூளி மட்டமா ஏறுச்சு. அவரு ரெண்டு விரலால தள்ளினாரு, உள்ள போய் உக்காந்துச்சு. நான் காரைப் பின்னால எடுத்து, சாயபைப் பக்கத்துல உக்கார வெச்சு ரோட்டுல ஒரு சுத்து சுத்திகினு வந்தேன். சத்தமே இல்ல. நான் பாடினதுதான் சத்தம்.

சாயபு எறங்கினாரு. அண்ணன் ஏணியில தானா ஏறி மேல வந்து நிக்கறாரு, யாரும் இழுக்கல.

"சரி, கேட்டு வேலை வேணாம் உனக்கு. ஆனா நாளைக்கு அந்தப் பையன் வந்துடுவானே. தந்தி அடிக்கவும் நேரமில்ல. ஒண்ணு பண்ணலாம். அவன் சின்னப் பையன், அடி வேலை அவன் பாக்கட்டும். நீ பெரியவன், பானட்டைத் தொறந்து மேல் வேலையப் பாரு."

"வேணாம் சாயபு. மேல் வேலை அவனுக்கே குடுங்க. அடி வேலை எனக்கு."

சாயபு பானட்டைப் பார்த்தாரு, குழியப் பார்த்தாரு. அப்புறம் அவரு சிரிச்ச சிரிப்புல கொட்டாயில தொங்கின தோலெல்லாம் ஆடுச்சு. "மேல் வேலைக்காரன் குனியணும், அடி வேலைக்காரன் நிமுந்து நிக்கணும். அப்டித்தான?"

"அப்டித்தான் சாயபு."

அடுத்த வாரம் கொத்தனாரு வந்து குழி வெடிப்பப் பூசி, எறங்கறதுக்குப் படி வெச்சாரு. மெட்ராஸ் பையன் பேரு அப்துல் வஹீத், வேலைக்காரன்தான், குத்தம் சொல்ல முடியாது. பானட்டு மேல குனிஞ்சு குனிஞ்சு ஆறு மாசத்துல இடுப்பைப் பிடிச்சுகினு குழியாண்ட வந்தான்.

"அண்ணே, ஒரு நாளு நான் கீழ எறங்கறேனே?"

உள்ள இருந்து ஸ்பானர் சத்தம் நிக்கல. "உனக்கு இன்னா வயசு?"

"இருபத்தி மூணு."

"அம்பத்தெட்டு ஆவட்டும், வா."