மாமா தொட்டுப் பார்த்த கார்

பழைய கார்களைக் கண்டால் எனக்கும் மாமாவுக்கும் பைத்தியம் பிடித்துவிடும். மாமா அம்மாவின் தம்பி. புக்கிட் பாஞ்சாங்கில் எங்களோடு தங்கி டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். புதுக் கார்களாகவே ஓடும் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்டினோ பீட்டிலோ எதிர்ப்படுவது அபூர்வம். கண்ணில் பட்டதும் முதலில் பெயர் சொல்பவருக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங். வெகுகாலம் மாமாதான் ஜெயித்தார். அந்த வருடம் நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் டாக்சியில் சிராங்கூன் சாலைக்குப் போனோம். அம்மா பூக்கடைக்குள் நுழைய, நாங்கள் வெளியே நின்றோம். கல்யாணத்துக்கு மாலை போட்ட ஒரு பழைய கார் அங்கே நின்றது. அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை, மாமாவிடம் கேட்டேன். அவர் முகர்வதுபோல் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு விளக்கைத் தடவினார். கை மெல்ல மேலேறி, முன்கண்ணாடியின் நடுவில் இருந்த கம்பியில் நின்றது.

“மோரிஸ் மைனர்டா! ரொம்பப் பழசு. கண்ணாடி ரெண்டா இருக்கு பாரு.”

“தொட்டா சீட்டிங் லா மாமா!” என்று கத்தினேன்.

கல்யாணக் காரின் ஓட்டுநர் ஓடி வந்தார். “அண்ணே, கை வைக்காதீங்க லா, இப்பத்தான் பாலிஷ் போட்டேன்.” மாமா மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார். பூப்பையோடு அம்மா பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

“கண்ணு எத்தனை நாளாடா இப்படி?”

“ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்க்கா. சமாளிச்சிடுவேன்.”

“குறுக்க ஓடி வர்ற பிள்ளையும் மனப்பாடமா? சாவியக் கொடு.”

மாமா கெஞ்சினார். இதை விட்டால் தனக்கு வேறு தொழில் தெரியாது என்றார். அம்மா அழுதார், ஆனால் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் சாவி கைமாறியது. டாக்சியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினோம்.

கண்ணைப் பற்றிய பேச்சு என் காதில் ஏறவே இல்லை. அடுத்தவர் பொருளைத் தொட்டதற்கு அம்மா கொடுத்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன். சேட்டை செய்தால் என் வீடியோ கேமையும் அப்படித்தான் பிடுங்கி வைப்பார். மறுநாள் மனம் இளகிவிடும். ரயிலில் மாமா குனிந்தே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அனுபவசாலி என்ற முறையில் அவர் காதருகே போய் ஆறுதல் சொன்னேன்.

“அழாதீங்க மாமா. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுவாங்க.”

மாமா தலையாட்டினார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.