மல்லாட்டை என்று அடிக்கும் ஜெர்லின்

'மல்லாட்டை' என்று அடித்துவிட்டுத் திரையைப் பார்க்கிறார் ஜெர்லின். பக்கத்தின் உச்சியில் மல்லாட்டை வந்து நிற்கிறது. அதை அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி 'கேப்பை' என்று அடிக்கிறார். அதுவும் வந்துவிட்டது. "இதுவரைக்கும் ஒழுங்கா ஓடுதுங்க" என்கிறார். முகத்தில் நிம்மதி இல்லை.

திண்டிவனத்தில் மோட்டார் பம்புக் கடைக்கு மேலே ஓர் அறை. கல்லூரிகளுக்கு இணையதளம் செய்து தருவது தொழில். அவர் எழுதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் 'எக்கோ' என்றொரு கட்டளை உண்டு. அதற்குப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் எதை எழுதினாலும் பார்ப்பவர் திரையில் அப்படியே காட்டிவிடும். உண்மையா பொய்யா என்று கேட்காது. நிரல் எதுவரை ஓடுகிறது என்று அறிய இப்படி ஏதாவது சொல்லைப் போட்டுப் பார்த்துப் பிறகு எடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் 'ஹலோ' போடுவார்கள். ஜெர்லினுக்கு மல்லாட்டை எனும் வேர்க்கடலை, கேப்பை என்று வயலில் விளைவது மட்டும்தான். "தப்பித்தவறி நின்னுட்டாலும் யாரு உசுரையும் வாங்காது பாருங்க."

சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சிங் கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கத்தில் அவர் போட்டுப் பார்த்த சொல் 'பெயில்'. கல்லூரியிலிருந்து ஜல்தி ஜல்தி என்று போன் மேல் போன். அவசரத்தில் அந்தச் சொல்லை நீக்க மறந்து பக்கத்தை ஏற்றிவிட்டார். காலையில் பார்த்த பெண்கள் எல்லாருக்கும் பெயில். மத்தியானம் சரிசெய்வதற்குள் அவர்களில் ஒருத்தியான முகையூர்க் கலைமதியைக் காணவில்லை. பொழுது சாயும்போதுதான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் அவள் அப்பா பச்சைமுத்து இந்தப் படியேறி வந்தார். திட்டவில்லை. "பாஸான புள்ளம்மா அது. கெணத்துக்குள்ள காலத் தொங்கவுட்டுக்கினு உக்காந்திருந்துச்சி" என்று மட்டும் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது ஜெர்லின் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்.

அன்று பிடித்த பயம் விடவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவந்து பக்கத்தைத் திறந்து பார்ப்பார். விழுப்புரம் போகும் பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண்ணின் போனையும் வாங்கிப் பார்த்துவிடுவார். "பேஜாரு புடிச்ச பொழப்பு, வுட்டுட்டு வேற வேலை பாரேன்" என்று சொல்லிச் சொல்லிக் கணவர் ஸ்டீபன்ராஜ் அலுத்துப்போனார்.

இன்று வேறொரு கல்லூரியின் முடிவு. கேப்பையை அழித்து, மேலிருந்து கீழாகப் பலமுறை படித்துப் பார்த்துப் பக்கத்தை ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே படிக்கும் கிளியனூர்ப் பெண் ஒருத்தி, போனில் பக்கம் திறக்கவில்லை என்று படியேறி வந்து தன் பதிவு எண்ணைச் சொன்னாள். ஜெர்லின் எண்ணை அடித்தார். ஆனால் பொத்தானைத் தட்டவில்லை. "கொஞ்சம் கிட்ட வாம்மா" என்று கூப்பிட்டு, இடக்கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வலக்கையால் தட்டினார்.